கண்புரையும் புரோஸ்டேட்டும் சேர்ந்து வந்தால்: எது முதலில், எந்த மருந்து?

அறுபதைத் தாண்டிய ஆண்கள் பலருக்கு இரண்டு மருந்துச் சீட்டுகள் ஒரே காலத்தில் கைக்கு வருகின்றன. ஒன்றில் யூராலஜிஸ்ட் (சிறுநீரியல் மருத்துவர்), புரோஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர் தடைபடுவதற்காக டாம்சுலோசின் 0.4 மி.கி. எழுதியிருப்பார். இன்னொன்றில் கண் மருத்துவர், புரை வளர்ந்துவிட்டது, அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கலாம் என்று எழுதியிருப்பார். மாத்திரையை இப்போதே தொடங்கலாமா? கண்ணை முடித்துக்கொண்டு தொடங்கலாமா? ஏற்கெனவே சாப்பிடுகிறவர் நிறுத்த வேண்டுமா? கிளாகோமா (கண் அழுத்த நோய்) இருப்பவருக்குச் சிறுநீர் அவசரத்துக்கான மாத்திரை ஆகுமா? இந்தக் கேள்விகளில் மாட்டிக்கொண்டவர்களுக்காக, உள்ள வழிகளை ஒன்றோடொன்று நிறுத்திப் பார்க்கிறது இந்தக் கட்டுரை.

## இரண்டு உறுப்புகளும் சந்திக்கும் இடம்

சிறுநீர்ப்பையின் கழுத்திலும் புரோஸ்டேட்டிலும் உள்ள மென்தசைகளை இறுக்கிப் பிடிப்பது ஆல்பா-1ஏ என்ற ஏற்பி (உடலின் சமிக்ஞைகள் வந்து ஒட்டும் இடம்). டாம்சுலோசின் போன்ற ஆல்பா தடுப்பான்கள் அதை அடைத்துத் தசையைத் தளர்த்துகின்றன. சிறுநீர் தாராளமாக இறங்குகிறது. சிக்கல் என்னவென்றால், கண்மணியைச் சுற்றியுள்ள ஐரிஸ் திரையில் கண்மணியை விரிக்கும் தசையும் இதே ஏற்பியை நம்பித்தான் வேலை செய்கிறது. மருந்துக்குக் கீழே மேலே என்ற பேதம் கிடையாது.

கண்புரை அறுவையில் விரிந்த கண்மணி வழியாகத்தான் லென்ஸை உடைத்து உறிஞ்சி எடுக்கிறார்கள். ஐரிஸ் தளர்ந்திருந்தால் மூன்று விஷயங்கள் நடக்கின்றன: உள்ளே ஓடும் திரவத்தின் அசைவுக்கே அது காற்றில் துணி போலப் படபடக்கிறது, வெட்டிய துளை வழியாக வெளியே பிதுங்கப் பார்க்கிறது, விரித்து வைத்த கண்மணி நடுவழியில் சுருங்கிக்கொண்டே வருகிறது. டேவிட் சாங், ஜான் கேம்பெல் என்ற இரண்டு அமெரிக்கக் கண் மருத்துவர்கள் 2005-இல் இந்த மூன்றையும் சேர்த்து ஒரு தனிக் கோளாறாக விவரித்தார்கள். 'தளர் ஐரிஸ் கோளாறு' என்று இங்கே குறிப்பிடுவோம். அதே ஆண்டிலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. டாம்சுலோசின் குறிப்பேட்டில் எச்சரிக்கையைச் சேர்த்தது.

சாதாரணமாகச் சிறிய கண்மணி என்றால் கருவியால் இழுத்து விரித்துவிடுவார்கள். இந்தக் கோளாறில் ஐரிஸ் ரப்பர் போல மீண்டும் சுருங்கிவிடுவதால் அந்த வித்தை பலிப்பதில்லை. முன்கூட்டியே தெரியாத மருத்துவர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். லென்ஸ் உறையின் பின்சுவர் கிழிவது, லென்ஸ் துண்டு கண்ணின் பின்பகுதிக்குள் விழுவது போன்ற விபரீதங்கள் அங்கிருந்து தொடங்கும்.

## எதை வைத்து எடை போடுவது

மருந்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன் ஐந்து விவரங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீர்த் தொல்லை எவ்வளவு கடுமை? ஐ.பி.எஸ்.எஸ். என்ற கேள்வித்தாளில் ஏழு கேள்விகள், மொத்தம் 35 புள்ளிகள். 7 வரை லேசு, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20-உம் அதற்கு மேலும் கடுமை. லேசு என்றால் காத்திருக்க நேரம் நிறைய உண்டு. சிறுநீர் முழுவதுமாக அடைத்துக் குழாய் போட்டாகிவிட்டதென்றால் காத்திருக்கும் பேச்சே இல்லை.

கண் அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டதா? சில வாரங்களில் அறுவை என்பதும், 'ஓரிரு வருடத்தில் பார்க்கலாம்' என்பதும் வேறு வேறு கணக்கு.

கண்ணின் வடிகால் கோணம், அதாவது கண் திரவம் வடியும் இடம், திறந்திருக்கிறதா, குறுகியிருக்கிறதா? கோனியோஸ்கோப்பி என்ற பரிசோதனையில் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். கட்டுரையின் பின்பாதிக்கு இது முக்கியம்.

புரோஸ்டேட்டின் அளவு என்ன? ஸ்கேனில் 30 மி.லி.க்கு மேல் இருந்தால் கூடுதலாக ஒரு மருந்து வகைக்கும் கதவு திறக்கிறது.

ரத்த அழுத்தமும் இதய மருந்துகளும். எழுந்தால் தலை சுற்றுபவர், நெஞ்சுவலிக்காக நைட்ரேட் மாத்திரை எடுப்பவர், கல்லீரல் கோளாறு உள்ளவர் ஆகியோருக்குச் சில வழிகள் முதலிலேயே அடைபட்டுவிடும்.

## முதல் வழி: கண்ணை முடித்துவிட்டு மாத்திரை

அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டது, தொல்லை லேசு அல்லது நடுத்தரம், இதுவரை எந்த ஆல்பா தடுப்பானையும் தொட்டதில்லை. இந்த மூன்றும் பொருந்துபவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. அமெரிக்க யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: ஆல்பா தடுப்பான் எழுதுமுன் கண்புரை அறுவைத் திட்டம் உண்டா என்று கேளுங்கள், உண்டென்றால் அது முடியும்வரை தொடங்காதீர்கள்.

காத்திருக்கும் வாரங்களைச் சும்மா கழிக்க வேண்டியதில்லை. படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே தண்ணீரைக் குறைப்பது, மாலைக்கு மேல் காபி, டீ, மது தவிர்ப்பது, ஒருமுறை போய்விட்டுச் சற்று நின்று மறுபடியும் முயல்வது ஆகியவை லேசான தொல்லையைக் கணிசமாகத் தணிக்கும். நீர் மாத்திரை சாப்பிடுபவர் அதைக் காலை வேளைக்கு மாற்ற முடியுமா என்று கேட்கலாம்.

இதில் ஒளிந்திருக்கும் செலவு காலம்தான். இரண்டு கண்ணிலும் புரை இருந்தால் இடைவெளி விட்டுத்தான் செய்வார்கள். 'கண் முடிந்ததும்' என்பது இரண்டாவது கண்ணும் முடிந்த பிறகு என்று பொருள். பலர் முதல் கண் ஆனதுமே மாத்திரையைத் தொடங்கிவிட்டு, இரண்டாவது கண்ணில் அதே சிக்கலை வாங்கிக்கொள்கிறார்கள். காத்திருக்கும்போது முழு அடைப்பு, சிறுநீர்த் தொற்று, சிறுநீரில் ரத்தம் என எது வந்தாலும் திட்டத்தை அங்கேயே கைவிட வேண்டும்.

## இரண்டாவது வழி: டாம்சுலோசினைத் தொடங்கி, கண் மருத்துவரைத் தயார்ப்படுத்துவது

பலன் சில நாட்களில் தெரிந்துவிடும். ஒரே அளவு, அளவை ஏற்றிக்கொண்டே போகத் தேவையில்லை, ரத்த அழுத்தத்தை அதிகம் இறக்குவதில்லை. யூராலஜிஸ்ட்டுகள் இதையே முதலில் எழுதுவதற்குக் காரணம் சோம்பல் அல்ல. தினமும் ஒரே வேளை உணவுக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்து விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் எடுத்தால் ரத்தத்தில் மருந்தளவு எகிறித் தலைசுற்றல் கூடும்.

கண்ணுக்கு என்ன ஆகும் என்பதற்கு மூன்று ஆய்வுகளைப் பார்க்கலாம்.

சாங் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், டாம்சுலோசின் எடுத்துக்கொண்டிருந்தவர்களின் 167 கண்கள். அவற்றில் 43 சதவீதத்தில் கடுமையான தளர் ஐரிஸ், 30 சதவீதத்தில் நடுத்தரம், 17 சதவீதத்தில் லேசு, 10 சதவீதத்தில் ஒன்றுமில்லை. பயமுறுத்தும் எண்கள். ஆனால் மருத்துவர்களுக்கு முன்பே தெரிந்திருந்ததால் லென்ஸ் உறை கிழிந்தது 0.6 சதவீதத்தில் மட்டும், அதாவது ஒரே ஒரு கண்ணில்.

2009-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 66 வயதும் அதற்கு மேலும் ஆன 96,128 ஆண்களின் அறுவைப் பதிவுகளைப் பார்த்தார்கள். 2002 முதல் 2007 வரை நடந்த அறுவைகள். இந்தக் கோளாறு பற்றிய செய்தி பரவிக்கொண்டிருந்த காலம். அறுவைக்கு முந்தைய 14 நாட்களுக்குள் டாம்சுலோசின் எடுத்திருந்தவர்களுக்கு விழித்திரை பிரிதல், லென்ஸ் துண்டு விழுதல், உட்கண் தொற்று போன்ற கடும் விளைவுகள் வர 2.33 மடங்கு வாய்ப்பு. சாதாரண ஆபத்தே மிகச் சிறியது என்பதால், டாம்சுலோசின் எடுக்கும் 255 பேருக்கு ஒருவர் கூடுதலாகப் பாதிக்கப்படுவார் என்று கணக்கிட்டார்கள்.

மூன்றாவது ஆய்வை அடுத்த பகுதியில் பார்க்கலாம். இந்த இரண்டிலிருந்தே ஒன்று தெளிவாகிறது: கண் மருத்துவருக்குத் தெரிந்திருப்பதும் தெரியாமலிருப்பதும்தான் பெரிய வித்தியாசம். தெரிந்தவர் என்ன செய்வார்? கண்ணுக்குள் ஃபினைலெஃப்ரின் அல்லது அட்ரினலின் ஊசி போடுவார். பதனப்பொருள் கலக்காததாகத் தேர்ந்தெடுப்பார். கெட்டியான ஜெல்லை உபயோகிப்பார். திரவ ஓட்டத்தைக் குறைத்து வைப்பார். தேவையானால் ஐரிஸ் கொக்கிகளோ 6.25 அல்லது 7 மி.மீ. மல்யூகின் வளையமோ வைத்துக் கண்மணியை விரித்துப் பிடிப்பார்.

மறைந்த செலவும் அங்கேதான்: அறுவை நீளும், வளையத்துக்குத் தனிக் கட்டணம் விழலாம், பின்னர் கண்மணி முழு வட்டமாக இல்லாமல் போகவும் கூடும்.

'அப்படியானால் ஒரு மாதம் நிறுத்திவிட்டுச் செய்துகொள்கிறேன்' என்பவர்களுக்கு: அது உதவாது. நிறுத்திப் பல மாதங்கள், வருடங்கள் கழித்தும் தளர் ஐரிஸ் பதிவாகியிருக்கிறது. நீண்ட நாள் உபயோகத்தில் ஐரிஸை விரிக்கும் தசையே மெலிந்துவிடுவதாகத் தெரிகிறது. நிறுத்துவதால் கண்ணுக்கு ஒரு லாபமும் இல்லாமல், சிறுநீர் அடைத்துக்கொள்ளும் அபாயம் மட்டும் மிஞ்சும். எனவே ஏற்கெனவே சாப்பிடுகிறவர் தொடரட்டும். கண் மருத்துவரிடம் சொல்லட்டும்.

## மூன்றாவது வழி: அல்ஃபுசோசின்

இதுவும் ஆல்பா தடுப்பான்தான். ஆனால் 1ஏ ஏற்பியை மட்டும் குறிவைப்பதில்லை. 2014-இல் வெளிவந்த நேரடி ஒப்பீட்டில், எந்த மருந்து என்று அறுவை செய்பவருக்குத் தெரிவிக்காமல் பார்த்தபோது, கடும் தளர் ஐரிஸ் டாம்சுலோசின் தரப்பில் 34.3 சதவீதம், அல்ஃபுசோசின் தரப்பில் 16.3 சதவீதம், இரண்டும் எடுக்காதவர்களில் 4.4 சதவீதம். பாதியாகக் குறைகிறது, பூஜ்யமாகவில்லை. கண் மருத்துவரிடம் சொல்லத் தேவையில்லாத மருந்து என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான்.

இது பொருந்தும் இடம் குறிப்பானது: புரை இருக்கிறது, அறுவை எப்போதென்று தெரியவில்லை, சிறுநீர்த் தொல்லையோ காத்திருக்கவிடாது. முழு அடைப்பு வந்து குழாய் போட்டவருக்குக் குழாயை எடுத்துப் பார்க்கும் முன் இரண்டு மூன்று நாள் ஆல்பா தடுப்பான் கொடுப்பது வழக்கம். அதற்கு அல்ஃபுசோசின் 10 மி.கி. நன்கு சோதிக்கப்பட்ட மருந்து. கல்லீரல் பாதிப்பு நடுத்தரமோ அதற்கு மேலோ இருந்தால் கூடாது. ஈ.சி.ஜி.யில் கியூ.டி. இடைவெளி (இதயத் துடிப்பின் மின்னோட்டத்தில் ஒரு நேர அளவு) நீண்டவர்கள் தவிர்ப்பது நல்லது. இதையும் உணவோடு ஒட்டித்தான் எடுக்க வேண்டும்.

பழைய மருந்துகளான டெராசோசின், டாக்சசோசினை 1 மி.கி.யில் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும். முதல் வேளையில் தலைசுற்றி விழுந்தவர்கள் உண்டு என்பதால் படுக்கும் நேரத்தில்தான் கொடுப்பார்கள். வயதானவருக்கு விழுந்து இடுப்பு ஒடிவது ஐரிஸ் தளர்வதைவிட மோசமான விஷயம். சைலோடோசினோ 1ஏ ஏற்பியை டாம்சுலோசினைவிடவும் குறிபார்த்து அடைக்கும். கண்ணுக்காக மருந்து மாற்ற நினைப்பவர் அதன் பக்கம் போவதில் அர்த்தமில்லை.

## நான்காவது வழி: ஃபினாஸ்டரைடு, டுட்டாஸ்டரைடு

இவை தசையைத் தொடுவதில்லை. ஹார்மோனைத் தடுத்துச் சுரப்பியையே சுருக்குகின்றன. புரோஸ்டேட்டின் அளவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறையும். ஃபினாஸ்டரைடில் தளர் ஐரிஸ் பற்றி ஓரிரு தனி நிகழ்வுகள் பதிவானதோடு சரி. டாம்சுலோசினோடு ஒப்பிடும் அளவில் இல்லை.

விலை பொறுமை. முழுப் பலனுக்கு ஆறு மாதம் ஆகும். சிறிய புரோஸ்டேட்டில் பலன் சொற்பம். பாலுறவு ஆர்வம், விறைப்பு குறையலாம். பலர் கவனிக்காத இன்னொன்று: புரோஸ்டேட் புற்றுநோயைச் சந்தேகிக்க உதவும் ரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ.வின் அளவு ஏறத்தாழ பாதியாக இறங்கிவிடும். ஆறு மாதம் கழித்துப் பரிசோதனைத் தாளில் 3 என்று வந்தால் அதை 6 என்று படிக்க வேண்டும். இதை அறியாத வேறொரு மருத்துவர் 'எல்லாம் சரி' என்று சொல்லிவிட்டால் புற்றுநோய் தப்பிப்போகலாம். டுட்டாஸ்டரைடு எடுப்பவர் நிறுத்தி ஆறு மாதம்வரை ரத்த தானம் செய்யக் கூடாது. கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையையும் கசிந்த காப்ஸ்யூலையும் தொடக் கூடாது.

2003-இல் வெளிவந்த எம்டாப்ஸ் ஆய்வில் 3,047 ஆண்களை நாலரை ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். நோய் முற்றும் ஆபத்தை டாக்சசோசின் 39 சதவீதமும், ஃபினாஸ்டரைடு 34 சதவீதமும், இரண்டும் சேர்ந்து 66 சதவீதமும் குறைத்தன. பெரிய புரோஸ்டேட் உள்ளவருக்கு இதிலிருந்து ஒரு நல்ல வரிசை கிடைக்கிறது: ஃபினாஸ்டரைடை இன்றே தொடங்குவது, அது வேலை செய்யும் ஆறு மாதத்துக்குள் இரண்டு கண்ணையும் முடிப்பது, பிறகு தேவைப்பட்டால் ஆல்பா தடுப்பானைச் சேர்ப்பது.

## டடலாஃபிலும் அறுவையும்

டடலாஃபில் 5 மி.கி. தினசரி, விறைப்புக் குறைவும் சேர்ந்து இருப்பவருக்கு ஏற்றது. ஐரிஸைத் தளர்த்துவதாக நிறுவப்படவில்லை. நைட்ரேட் எடுப்பவர் தொடவே கூடாது. பார்வை நரம்புக்கு ரத்தம் தடைபட்டு ஒரு கண்ணில் திடீரெனப் பார்வை போன அனுபவம் உள்ளவர் ஒதுங்கியிருப்பது நல்லது.

டி.யு.ஆர்.பி. எனப்படும், சிறுநீர்ப்பாதை வழியாகப் புரோஸ்டேட்டைச் சீவும் அறுவை, மாத்திரைகளின் மொத்தக் கேள்வியையும் தாண்டிப் போகிறது. மாத்திரைக்கு அடங்காத அடைப்பு, சிறுநீர்ப்பைக் கல், திரும்பத் திரும்பத் தொற்று என்றால் அதுதான் வழி. விந்து பின்னோக்கிச் செல்வது மிகச் சாதாரணம். கண்ணுக்காக மட்டும் இதைத் தேர்ந்தெடுப்பது மிகை.

| வழி | ஐரிஸ் தளர்வு | பலன் தெரிய | கவனிக்காமல் விடும் செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| கண் முதலில் | இல்லை | காத்திருப்பு | இரண்டாவது கண்வரை தாமதம் | லேசு, நடுத்தரத் தொல்லை. நாள் குறித்தவர் |
| டாம்சுலோசின் | அதிகம் | சில நாள் | நீளும் அறுவை, வளையம் | புரை இல்லாதவர். ஏற்கெனவே எடுப்பவர் |
| அல்ஃபுசோசின் | பாதியளவு | சில நாள் | கல்லீரல், கியூ.டி. | காத்திருக்க முடியாத, புரை உள்ளவர் |
| ஃபினாஸ்டரைடு வகை | மிக அரிது | ஆறு மாதம் | பி.எஸ்.ஏ. பாதியாதல் | 30 மி.லி.க்கு மேல் புரோஸ்டேட் |
| டடலாஃபில் | நிறுவப்படவில்லை | சில வாரம் | நைட்ரேட் மோதல் | விறைப்புக் குறைவும் உள்ளவர் |

## கிளாகோமாவும் சிறுநீர் அவசரமும்

இது ஆண், பெண் இருவருக்குமான கேள்வி. அடக்க முடியாத அவசரத்துக்குக் கொடுக்கும் ஆக்சிபியூட்டினின், டோல்டெரோடின், சோலிஃபெனாசின் போன்ற மருந்துகளின் தாளில் கிளாகோமா எச்சரிக்கை இருக்கும். அதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கிப் போடுபவர்களில் பெரும்பாலோர் தேவையில்லாமல் அவதிப்படுகிறார்கள். எச்சரிக்கை குறுகிய கோணம் உள்ளவர்களுக்கு. கண்மணி பாதி விரிந்த நிலையில் ஐரிஸ் லென்ஸோடு ஒட்டிக்கொண்டு, கண் திரவம் வடிய வழியில்லாமல் அழுத்தம் ஏறிவிடும். கடும் கண்வலி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், வாந்தி வந்தால் சில மணி நேரத்துக்குள் சிகிச்சை கிடைக்க வேண்டும். திறந்த கோணக் கிளாகோமாவில் சொட்டு மருந்தோடு இருப்பவருக்கு இந்த மாத்திரைகள் பொதுவாகத் தடையில்லை.

குறுகிய கோணம் என்றால் இரண்டு வழி. மிராபெக்ரான் 25 அல்லது 50 மி.கி. வேறு பாதையில், பீட்டா-3 ஏற்பி வழியாகச் சிறுநீர்ப்பையைத் தளர்த்துவது. கோணத்தை மூடும் சிக்கல் இதில் இல்லை, வாய் வறட்சியும் மலச்சிக்கலும் குறைவு. ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடும். 180/110-உம் அதற்கு மேலும் ஏறிக் கட்டுப்படாமல் இருப்பவருக்குக் கூடாது. முழுப் பலனுக்கு எட்டு வாரம்வரை ஆகலாம் என்பதால் இரண்டு வாரத்தில் கைவிடாதீர்கள். எழுபதைத் தாண்டியவருக்குக் கோணம் திறந்திருந்தாலும் மிராபெக்ரானை முதலில் யோசிக்கலாம் என்பது எங்கள் கருத்து; பழைய வகை மருந்துகள் முதியவர்களின் நினைவாற்றலைக் குழப்பும்.

இன்னொரு வழி, கோணத்தையே சரிசெய்வது. லேசரால் ஐரிஸில் சிறு துளை போடலாம், அல்லது லென்ஸையே எடுத்துவிடலாம். 419 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான ஈகிள் ஆய்வில், லென்ஸை எடுத்தவர்கள் லேசர் செய்தவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள். வயதானால் தடித்துவிடும் இயற்கை லென்ஸ் இருந்த இடத்தில் மெல்லிய செயற்கை லென்ஸ் வந்ததும் கோணம் அகலமாகத் திறந்துகொள்கிறது. புரையும் குறுகிய கோணமும் சேர்ந்து இருப்பவருக்கு, கண்ணை முதலில் முடிப்பது ஆல்பா தடுப்பான், அவசர மாத்திரை இரண்டுக்குமே தடையை நீக்கிவிடுகிறது.

## அறுவைக்கு முன் சொல்ல வேண்டியவை

கேட்டால் பலர் 'டாம்சுலோசின் எடுப்பதில்லை' என்றுதான் சொல்வார்கள். டுட்டாஸ்டரைடோடு கலந்த காப்ஸ்யூலாக, வேறு வணிகப் பெயரில் அது உள்ளே போய்க்கொண்டிருக்கும். அட்டையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். சிறுநீர்க்குழாய்க் கல் இறங்குவதற்காக எப்போதோ சில வாரம் எடுத்திருந்தாலும் சொல்லுங்கள். பெண்களுக்கும் கல்லுக்காக இதைக் கொடுப்பதுண்டு, அவர்களிடம் கண் மருத்துவர் கேட்கவே மாட்டார்.

அறுவைக்கு ஓரிரு நாள் முன்னதாக, கண்மணியை விரிக்கும் 1 சதவீத அட்ரோபின் சொட்டு எழுதினால், புரோஸ்டேட் வீக்கம் உண்டென்று அங்கேயே சொல்லிவிட வேண்டும். அது உடலில் கலந்து சிறுநீர்ப்பையை முடக்கும். டாம்சுலோசினைத் தானாக நிறுத்திவிட்டு அட்ரோபினையும் விட்டுக்கொண்டவருக்கு முழு அடைப்பு வரும் அபாயம் அதிகம். சளிக்காக எடுக்கும் சூடோஎஃபெட்ரின், குளோர்ஃபெனிரமின் கலந்த மாத்திரைகளும் சிறுநீரை அடைக்கும், குறுகிய கோணத்தையும் மூடும்.

அறுவைக்குப் பின் கண் அழுத்தம் குறைய அசிட்டசோலமைடு கொடுத்தால் சிறுநீர் கூடுதலாகப் போகும். இரவு வேளையைத் தவிர்த்து எடுக்க முடியுமா என்று கேளுங்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள் அதையும் சொல்ல வேண்டும். முதல் கண்ணில் ஐரிஸ் தளர்ந்ததா, எந்த வளையம் வைத்தார்கள் என்பது அறுவைக் குறிப்பில் இருக்கும். இரண்டாவது கண்ணை வேறு மருத்துவர் செய்வதாக இருந்தால், அந்தக் குறிப்பின் நகல் நாள் குறிக்கும்போதே அவர் கையில் இருக்க வேண்டும். வளையத்தை வரவழைத்து வைக்க அவருக்கும் நேரம் வேண்டும்.